கேமரா ஊட்டியில், கேமராக்காரர் சென்னையில்

அப்பா அம்மாவுக்கு 2025 மே மாதத்தோடு கல்யாணமாகி 50 வருஷம். சிங்கப்பூரில் இருக்கிற அக்கா பட்டுப் புடவை ஏதாவது அனுப்புவாள் என்று பார்த்தால், போட்டோ ஷூட் அனுப்பினாள். அவளுக்குத் தெரிந்த ஒரு சென்னை போட்டோகிராபர் வீடியோ காலில் வந்து இரண்டு பேரையும் வீட்டிலேயே படம் எடுத்துத் தருவாராம், பணமும் கட்டியாகிவிட்டதாம். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏன், ஊட்டியில போட்டோக்காரங்களே இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் இங்கே யாரைக் கூப்பிட்டாலும் "சீசன் முடியட்டும்" என்பார்கள். சென்னைக்காரரை நேரில் வரச் சொன்னால், மலைக்கு வண்டி ஏற இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் சீசன் ரூம் வாடகை. சரி, வீடியோ காலிலேயே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அம்மாவைச் சமாளித்துவிடலாம், அப்பாதான் சிக்கல். அவர் 1972-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலைக்குச் சேர்ந்து, பாதி ஆயுளை அங்கேயே கழித்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையால்தான் எங்கள் பகுதிக்கே இந்து நகர் என்று பேர். எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை ரோல், புரோமைடு பேப்பர் எல்லாம் இங்கிருந்து போயின. அப்பா இருந்தது பிலிமை வெட்டி அடுக்கும் பிரிவில். கும்மிருட்டில், கைத்தடவலில் வேலை. விரல் நுனியை வைத்தால் மருந்து பூசிய பக்கம் எது, வெறும் பக்கம் எது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய் போனில் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றால்? "போன்ல எடுக்கறதெல்லாம் போட்டோவா கண்ணு?" என்றார். ஊர் முழுக்கப் பிலிம் அனுப்பிய மனிதருக்கு, கல்யாண ஸ்டூடியோ படத்தை விட்டால் உருப்படியாக ஒரு படம் இல்லை.

முதல் நாள் ஒத்திகை வீடியோ கால். எல்லாரையும்போல நானும், வீடியோ காலில் முகம் தெரியும்போது போட்டோகிராபர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி எடுத்தால் உதவாது. வீடியோ காலில் ஓடும் படம் நன்றாக இருக்கிற நாளில்கூடப் பெரும்பாலும் 1280-க்கு 720 புள்ளிதான். அதை நல்ல தரத்தில் அச்சடித்தால் போஸ்ட் கார்டில் பாதி வரும். அக்கா கேட்டதோ 12-க்கு 8 அங்குலம், அதற்கு 86 லட்சம் புள்ளி வேண்டும். அதனால் அவர் ஓர் ஆப்பை இறக்கச் சொன்னார். லிங்க்கைத் தட்டி அனுமதி கொடுத்தால், சென்னையில் உட்கார்ந்தபடியே அவர் நம் போனின் பின்பக்கக் கேமராவை இயக்கலாம். ஃபோகஸ், வெளிச்ச அளவு, ஷட்டர் எல்லாம் அவர் கையில். படம் முழு அளவில் நம் போனில் விழுந்து, அப்புறம் மெதுவாக அவருக்குப் போய்ச் சேரும்.

நம் போனில் விழும் என்பதைக் கவனியுங்கள். என் போனில் இடம் இல்லை. காலை வணக்கம் படங்களே மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்தேன்.

போனை நிறுத்த ஸ்டூல், அரிசி டின், டெலிபோன் டைரக்டரி என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் பரண் மேலிருந்து தன் பழைய டிரைபாடை இறக்கினார். 200 ரூபாய்க்கு வாங்கிய போன் ஹோல்டர் அதில் கச்சிதமாக ஏறியது. அந்தத் திருகு அன்றும் கால் அங்குலம், இன்றும் கால் அங்குலம். அன்றைக்கு அவர் முகத்தில் முதல் சிரிப்பு அதற்குத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரம்பம். மதியத்துக்கு மேல் மே மாத மழை வந்துவிடும், கரண்டும் நிச்சயமில்லை. முதல் ஐந்து படமும் மங்கல். வெளியே மேகம் இறங்கியிருந்ததால் அதுதான் காரணம் என்று நானே ஒரு விளக்கம் சொன்னேன். "மேடம், லென்ஸைத் துடைச்சீங்களா?" என்றார் அவர். பார்த்தால் காலையில் தேங்காய் எண்ணெய்க் கையோடு போனை எடுத்த என் விரல் ரேகை.

அடுத்தது நிறம். முன்னறையில் டியூப் லைட், பூஜை அலமாரியில் மஞ்சள் பல்பு, ஜன்னலில் பகல் வெளிச்சம். மூன்றும் சேர்ந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகும் அப்பாவின் தாடை பச்சையாகவே தெரிந்தது. எங்கள் சுவரில் அடித்திருந்த பச்சை பெயின்ட்தான், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் திரும்பி விழுந்திருக்கிறது. துணி காயப்போடும் ஸ்டாண்டை நகர்த்தி, சுவரை மறைத்து அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டோம். பச்சை போனது. நிழல் விழுந்திருந்த பக்கத்திலும் கொஞ்சம் வெளிச்சம் ஏறியது.

இரண்டு பேரையும் சுவரோடு ஒட்டாமல் மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்தினோம். போனை ஆறடி தள்ளி, கண் மட்டத்தில் வைத்து, இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாற்றினார். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தால் கிட்டே இருக்கிற மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். செல்ஃபியில் எல்லாரும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிவது அதனால்தானாம்.

பின்பக்கக் கேமரா என்பதால் திரை அந்தப் பக்கம் இருக்கிறது. தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது, போட்டோகிராபரையும் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான். அப்பாவுக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரை இணைத்தேன். போட்டோகிராபர் பேசியதே எங்கள் மைக் வழியாக அவருக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை கேட்டது. கடைசியில் நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அவர் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்வது என்று முடிவானது.

இதில் ஒரு சங்கடம் இருப்பது எனக்கு முன்பே தோன்றவில்லை.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்கப்பா", "தோளை விடுங்கம்மா" வரைக்கும் சரி. அப்புறம் இயர்போனில் அவர் சொல்கிறார், "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கலாம் போலிருக்கு, ஒட்டி நிக்கச் சொல்லுங்க." பெற்ற அப்பா அம்மாவிடம் இதை நான் எப்படிச் சொல்வது? "கிட்ட வாங்க" என்று டிரைபாடைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் டிரைபாடைப் பார்த்து ஓரடி முன்னால் வந்தார்கள். மறுபடியும் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள். "அங்கிள், ஆண்ட்டி தோள்ல கை போடுங்க" என்று வந்ததை நான் சொல்லவேயில்லை. "அப்பா, அம்மா ஸ்வெட்டர் காலர் மடங்கியிருக்கு, சரி பண்ணுங்க" என்று மாற்றிவிட்டேன். அப்பா திரும்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ரொம்பச் சிரத்தையாகக் காலரைத் தேடினார். அம்மாவுக்குக் கூச்சம், சிரிப்பு. ஷட்டர் சத்தம் வரிசையாகக் கேட்டது.

ஸ்வெட்டருக்கும் ஒரு சண்டை நடந்திருந்தது. பட்டுப் புடவையை மறைக்கும் என்று அம்மா அதைக் கழற்றிவிட்டாள். பத்து நிமிஷத்தில் குளிரில் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. எந்தப் படத்திலும் ஆள் இறுக்கம். போட்டோகிராபர்தான், வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே இருக்கட்டும் என்றார். மெரூன் ஸ்வெட்டர் திரும்ப வந்தது. மலையில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போடாத அம்மாவை யார் பார்த்திருக்கிறார்கள்? அப்பாவின் குல்லாவுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

இடது, வலது என்று சொல்வதை அரை மணி நேரத்தில் கைவிட்டோம். அவர் இடது எங்களுக்கு வலது, நடுவில் நான் வேறு. "ஜன்னல் பக்கம்", "பீரோ பக்கம்" என்று வைத்துக்கொண்ட பிறகு குழப்பமே இல்லை. அப்பாவின் கண்ணாடியில் ஜன்னல் முழுசாகத் தெரிந்ததற்கும் ஒரு வழி சொன்னார். காதில் மாட்டும் கம்பிகளைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்ப்பக்கம் சாய்ந்து பளபளப்பு ஓடிவிடும். படத்தில் தூக்கியது தெரியாது.

இதற்குள் வெளியே வெயில் வந்துவிட்டது. முகத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. அவர் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை இருக்கிறதா என்று கேட்டார். நான் தேடிப் போகும்போது அப்பா உட்கார்ந்துகொண்டார். "அந்தத் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. மேகம் வருது." எதிர் மலைச்சரிவு பாதி மறைந்துகொண்டிருந்தது. ஏழெட்டு நிமிஷத்தில் ஜன்னல் முழுக்க வெள்ளை. அறையில் நிழலின் ஓரங்களே கரைந்து போயின. சென்னையில் இருந்தவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "என்ன பண்ணீங்க? அப்படியே இருங்க, எதையும் தொடாதீங்க!" என்று கத்தினார். தனித்தனிப் படங்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் எடுத்தவை. அதற்கப்புறம் அப்பா எழுந்து நில் என்றால் நிற்பதும், மேகம் விலகினால் தானே உட்கார்வதுமாக இருந்தார். யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

பதினொன்றேமுக்காலுக்குக் கரண்ட் போனது, கூடவே ரவுட்டரும். பக்கத்து வீட்டு அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் வாங்கி இன்னும் பத்து படம் எடுத்தோம். படம் ஏறுவதுதான் நத்தை வேகம், ராத்திரிவரை ஆனது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், அதனால் விடுபட்டவற்றை டாக்குமென்டாக அனுப்பினேன்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, படத்தில் இல்லாத ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். போட்டோகிராபருக்குக் கண் மட்டும்தான் அங்கே, கை நம்முடையது. தனியாக இருப்பவர் போனைச் சரி செய்வதா, போய் நிற்பதா? இரண்டு மணி நேரத்தில் நான் அந்த டிரைபாடுக்கும் பீரோவுக்கும் நடுவில் நடந்த நடையில் தொட்டபெட்டா ஏறியிருக்கலாம்.

மொத்தம் 140 படம், அக்கா தேர்ந்தெடுத்தது ஒன்பது. பெரிய அளவில் அச்சடித்தது காலர் தேடும் படம்.

கூரியர் வந்த அன்று அம்மா முதலில் பார்த்தது ஸ்வெட்டரில் ஒரு பட்டன் இல்லாததை. அப்பா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் விரல் நுனியை வைத்தார்.

"வழவழன்னு இருக்கு கண்ணு" என்றார். "பிரேம் போடறதுக்கு முன்னாடி கை படாம வையுங்க."