ட்ரை-கேட்ச்சுக்கு முன்னால் வரிசை

சிங்கப்பூரின் ஒன்-நார்த்திலோ ராஃபிள்ஸ் பிளேசிலோ சி++ எழுதும் நம்மவர்கள் கோடு ரிவியூவில் உட்கார்ந்தால், "எக்ஸப்ஷன் வந்தா என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு "ட்ரை-கேட்ச் இருக்குண்ணே" என்ற பதில் வரும். எனக்கு அது போதாது; ஓட்டத்தின் நடுவே எறியப்படும் பிழையை (எக்ஸப்ஷன்) பிடிக்க மட்டும்தான் ட்ரை-கேட்ச். பல பொருள்களைச் சேர்த்து வைக்கும் கண்டெய்னரைக் காப்பாற்றுவது வேலைகளின் வரிசைதான்.

வெக்டர் (தேவைக்கேற்ப வளரும் கண்டெய்னர்) நிரம்பிய பிறகு புஷ்_பேக் (கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது) வருகிறது. முதலில் புது மெமரி வாங்க வேண்டும். அடுத்து, புதிய உறுப்பை அதன் இடத்தில் கட்ட வேண்டும். பழையவற்றை அதற்குப் பிறகுதான் கொண்டுவரலாம்; வெக்டரின் சொந்த உறுப்பையே புஷ்_பேக்குக்குக் கொடுத்திருந்தால், முன்பே மூவ் செய்துவிட்ட (காப்பி எடுக்காமல் உள்ளடக்கத்தையே எடுத்துக்கொண்டுவிட்ட) வெற்றுப் பொருள்தான் மிஞ்சும். எல்லாம் வந்த பிறகே பாயின்டர்களையும் சைஸையும் மாற்ற வேண்டும். பழையதை அழிப்பது கடைசி. வீடு மாறுகிறவர் சாமான் முழுக்க இறங்கும்வரை பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பது போலத்தான்.

ஐந்தாவது காப்பியில் எக்ஸப்ஷன் வந்தால், கட்டி முடிந்த நான்கையும் புதிய உறுப்பையும் அழித்து, மெமரியைத் திருப்பிவிட்டு, எக்ஸப்ஷனை மறுபடி த்ரோ செய்ய (எறிய) வேண்டும். பழைய வெக்டருக்கு ஒன்றும் ஆகாது. வலுவான உத்தரவாதம் என்பது இதுதான். பொருளைக் கட்டுமுன் சைஸைக் கூட்டிவிட்டால், டிஸ்ட்ரக்டர் வெறும் பைட்டுகளைப் பொருளென்று அழிக்கப் போகும். கிராஷ் வேறெங்கோ வெடிக்கும், காரணம் கிடைக்காது.

சி++11-இல் மூவ் வந்ததும் சிக்கல் கூடியது. பாதி மூவ் ஆனபின் எக்ஸப்ஷன் வந்தால் பழையதும் கெட்டுவிட்டது, திரும்ப மூவ் செய்வதும் தவறலாம். அதனால் மூவ் கன்ஸ்ட்ரக்டரில் (மூவ் செய்து பொருளைக் கட்டும் பகுதி) நோஎக்ஸப்ட், அதாவது எக்ஸப்ஷன் வராது என்ற வாக்குறுதி, இல்லாமல், காப்பி செய்ய வழியும் இருந்தால், ஸ்டாண்டர்ட் வெக்டர் சத்தமில்லாமல் காப்பி செய்யும். விடை சரியாக வரும், வேகம் போய்விடும். பங்கு வர்த்தக மென்பொருளில் அதுவே பெரிய நஷ்டம். ஒரு ஸ்டாட்டிக்_அசர்ட் வரி இதைக் கம்பைல் நேரத்திலேயே பிடித்துவிடும். ஆனால் த்ரோ செய்யக்கூடிய மூவுக்குப் பொய்யாக நோஎக்ஸப்ட் போட்டால், அது த்ரோ செய்ததும் ப்ரோகிராமே டெர்மினேட் ஆகும்.

எல்லாவற்றுக்கும் வலுவான உத்தரவாதம் கேட்பதும் சரியல்ல. நடுவில் இன்சர்ட் செய்ய ஸ்டாண்டர்ட் வெக்டரே பொதுவாக அடிப்படை உத்தரவாதம்தான் தருகிறது: எதுவும் கசியாது, பொருள் பயன்படுத்தத் தக்க நிலையில் இருக்கும், உள்ளடக்கம் மட்டும் மாறியிருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழுக் காப்பியின் விலை கொடுக்க வேண்டும்.

சோதிக்க, என்-ஆவது காப்பியில் த்ரோ செய்யும் ஒரு டைப் எழுதுங்கள். என்-ஐ 1-இலிருந்து ஏற்றி, எக்ஸப்ஷன் வராமல் முடியும்வரை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் உயிரோடிருக்கும் பொருள்களின் எண்ணிக்கையையும் பழைய உள்ளடக்கத்தையும் ஒப்பிடுங்கள். மெமரிப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிட்டைசரோடு ஓட்டினால், ஒரே மெமரியை இரண்டு முறை ஃப்ரீ செய்ததும் அங்கேயே தெரிந்துவிடும்.