அடித்தகடு

சம்ப் கார்டு, அதாவது இன்ஜினைக் கல்லடியிலிருந்து காக்க வண்டிக்கு அடியில் மாட்டும் தகடு, என்று பேச்செடுத்தாலே எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை மில்லி தகடு போட்டீர்கள் என்பதைத்தான். 6 மில்லி அலுமினியம் என்று சொன்னால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேள்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. தகடு அடி வாங்கும், சரி, வாங்கிய அடியை அது எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது? அதை யாரும் கேட்பதில்லை. மண் ரோட்டில் பந்தயம் ஓடும் ஒரு ராலி வண்டியின் அடிப்பக்கம் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு வண்டியின் அடியில் மாதக்கணக்கில் மல்லாந்து படுத்து வேலை செய்த பிறகு வந்த நம்பிக்கை இது.

எனக்கு வேலை தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில். துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் டிரெய்லர்கள்தான் எங்களுக்குச் சோறு. சேசிஸ் விரிசல், கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தை மாற்றுவது, கண்டெய்னரைப் பிடித்து வைக்கும் ட்விஸ்ட் லாக் பிய்த்துக்கொண்டு வந்தால் மறுபடி வைத்து வெல்டிங் அடிப்பது, இப்படித்தான் நாள் போகும். அந்தப் பட்டறைக்கு கொடுங்கையூரிலிருந்து ஒரு பையன் வந்தான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீமை ராலிக்காகத் தயார் செய்துகொண்டிருந்தான். வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு, ரோல் கேஜ், முடிந்துவிட்டது, அடிப்பக்கம் மட்டும் பாக்கி, நீங்கள் செய்து தர முடியுமா என்று கேட்டான். எங்கள் ஓனர் யோசிக்கவே இல்லை. அவர் சின்ன வயதில் சோழவரத்துக்கு சைக்கிளில் போய்ப் பந்தயம் பார்த்தவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடத்தியது என்பது இன்றைக்குப் பல பேருக்குத் தெரியாது. வட சென்னைக்காரர்களுக்கு அது ஜிஎன்டி ரோட்டில் ஒரே மிதி. "வண்டிய உள்ள வுடு நைனா, காசு அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

எஸ்டீம் மாதிரி முன்சக்கர இழுவை வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மண் ரோட்டில் ஓடும்போது நடுவில் ஒரு மேடு இருக்கும், அதில் பதிந்த கல் இருக்கும். கியர்பாக்ஸ் கூடு வார்ப்பு அலுமினியம், அடித்தால் விரியும், ஆயில் ஒழுகும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும், தகரத்தில் அடித்த ஆயில் சேம்பர்தான் ஆபத்து. அது விரியாது, ஒழுகாது, உள்ளே ஒடுங்கும். சேம்பரின் அடிமட்டத்துக்கு ஒட்டினாற்போல் உள்ளே ஆயில் உறிஞ்சும் வலை இருக்கிறது. தகரம் மேலே எழும்பி அந்த வலையின் வாயை அடைத்துவிட்டால் பம்புக்கு ஆயில் போகாது. ஒரு சொட்டு கீழே விழாமல், ஆயில் அளவும் குறையாமல், பேரிங் கடித்து இன்ஜின் போய்விடும். இதைச் சொன்னபோது அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய இன்ஜின் அது.

முதலில் அவன் கொண்டுவந்த யோசனை, தகட்டின் பின்பக்கத்துக்குப் பிடிப்பு வேண்டும், கியர்பாக்ஸிலேயே ஒரு பிராக்கெட் கொடுத்துவிடலாமா என்பது. "அண்ணே, அங்க ரெண்டு போல்ட்டு ஓட்டை சும்மாதான் இருக்குது" என்றான். வேண்டாம் தம்பி என்றேன். எந்த உறுப்பைக் காப்பாற்றத் தகடு போடுகிறோமோ அதிலேயே தகட்டைத் தொங்கவிட்டால், கல் தகட்டில் அடிக்கிற அடி நேராக அந்தக் கூட்டுக்குள்தான் போகும். தகடு நன்றாக இருக்கும், கூடு விரிந்திருக்கும். தகட்டைப் பாடியில்தான் மாட்ட வேண்டும், முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் கிராஸ் மெம்பரில், பின்பக்கம் இரண்டு நீள ரெயில்களில்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிரெய்லர் சேசிஸ் போல இது கனமான இரும்பு கிடையாது. காரின் ரெயில் என்பது தகடு மடித்த பெட்டி, உள்ளே காலி, சுவர் கனம் ஒரு மில்லி சொச்சம் இருக்கும். அதில் ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும், நசுங்கிய பெட்டியில் போல்ட் ஒருநாளும் இறுக்கமாக நிற்காது. அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெயிலின் உள்ளகலத்துக்குச் சரியாக ஒரு கனமான பைப்புத் துண்டு வெட்டி, ஓட்டைக்குள் செருகி, இரண்டு பக்கமும் சுற்றி வெல்டிங் அடித்தோம். இனி போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கத்தைப் பைப் வாங்கிக்கொள்ளும், ரெயில் சுவர் தப்பிக்கும். அதற்கு மேலே 3 மில்லி இரும்பில் ஒரு ஒட்டுத்தகடு, அடி ஒரே புள்ளியில் இறங்காமல் பரவுவதற்காக. ஒட்டுத்தகட்டின் ஓரத்தைச் சதுரமாக வெட்டக் கூடாது என்பது டிரெய்லர் வேலையில் கற்றது. சதுர முனையின் மூலையில்தான் விரிசல் பிறக்கும். இரண்டு முனையையும் மீன்வால் போல வெட்டி, ஓரத்தை உருட்டித் தேய்த்து, முனையின் குறுக்கே வெல்டிங் ஓடாமல் பக்கவாட்டில் மட்டும் ஓட்டினேன். இந்த வேலைக்கு எடுத்த நேரத்தில் பாதி நேரம்கூடத் தகட்டுக்கு ஆகவில்லை.

தகட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பையன் முதலில் 3 மில்லி இரும்பு போதும் என்றான், மலிவு, எங்கேயும் கிடைக்கும், எந்த ஊர் வெல்டிங் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கையில் காசு இல்லாதவர்கள் இரும்பே போடலாம். ஒரு மீட்டர் நீளம் 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு 3 மில்லி இரும்பு கிட்டத்தட்ட 19 கிலோ வரும். அதே அளவு 6 மில்லி அலுமினியம் 13 கிலோதான். இரும்பைவிட அலுமினியம் மூன்று மடங்கு வளைந்து கொடுக்கிற உலோகம் என்பது உண்மை, ஆனால் தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏறும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. கழித்துப் பார்த்தால் 6 கிலோ குறைந்த தகடு, ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பாக நிற்கும்.

அலுமினியத்திலும் எது என்று கேட்க வேண்டும். 6061 என்கிற ரகம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் ஆர்கான் வெல்டிங் அடித்த இடத்தைச் சுற்றி அதன் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். நாங்கள் போட்டது 5083. கப்பல், படகு உடம்புக்குப் போடுகிற ரகம். வெல்டிங்கில் அவ்வளவு பலம் இழக்காது, உப்புக்காற்றையும் தாங்கும். வளைக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது, கூரான மடிப்பு கொடுத்தால் வெளிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். பெரிய உருளை வைத்து மெதுவாக வளைத்தோம்.

முன் ஓரத்தைப் பம்பர் வரைக்கும் மேலே தூக்கினோம். கல்லோ மேடோ எதிர்ப்பட்டால் தகடு முட்டி நிற்காமல் மேலே ஏறி வழுக்கிப் போக வேண்டும், அப்போதுதான் அடி பாதியாகும். அதே காரணத்துக்காக, முன்தகட்டின் பின் ஓரம் அடுத்த தகட்டின் முன் ஓரத்துக்குக் கீழே வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு ஓரமும் மண்வெட்டி மாதிரி மண்ணை வாரி உள்ளே போடும். போல்ட் தலைகளும் வெளியே நீட்டக் கூடாது, கல் தேய்த்தே தலையைத் தின்றுவிடும், அப்புறம் கழற்றச் சாவி பிடிக்காது. கிண்ண வாஷர் போட்டு உள்ளே பதித்தோம். எல்லா போல்ட்டும் ஒரே அளவு. ராலிக்கு நடுவே வண்டியைப் பழுது பார்க்கும் இடமான சர்வீஸ் பார்க்கில் நேரம் நிமிடக் கணக்கில்தான் கிடைக்கும், அங்கே வந்து எதற்கு எந்த ஸ்பேனர் என்று தேட முடியாது.

சேம்பருக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு எங்கள் ஓனர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைக் கட்டை விரல் உயரத்துக்குக் கூம்பு கூம்பாகப் பிடித்துத் தகட்டின் உள்பக்கம் ஒட்டினோம். வண்டியை எண்ணூர் பக்கம் லாரிகள் பறித்துப்போட்ட குண்டும் குழியுமான ஒரு சர்வீஸ் ரோட்டில் விட்டு ஓட்டி வந்து, தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். கியர்பாக்ஸ் பக்கத்துக் கூம்பு மட்டும் தலை தட்டையாகியிருந்தது, அதில் ஒரு போல்ட் தலையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் தொங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், விட்டால் மறுபக்கம் சாயும், நின்ற நிலையில் டேப் வைத்து அளந்தால் அந்தச் சாய்வு தெரியாது. அந்த இடத்தில் தகட்டை இன்னும் இறக்கி, குறைந்தது 25 மில்லி கிடைக்கும்படி செய்தோம்.

இடைவெளியில் ஸ்பாஞ்சு அடைக்கச் சிலர் சொல்லுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆயில் கசிந்தால் ஸ்பாஞ்சு குடித்து வைத்துக்கொள்ளும், மேலே சைலன்சர் பைப் சிவக்கச் சிவக்கச் சுடும், அப்புறம் தீப்பிடிக்க என்ன பாக்கி? தகடு மூடிய பிறகு இன்ஜின் சூடு வெளியேற வழி குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பின்னோக்கித் திறக்கும் வாய்கள் வெட்டினோம், முன்னோக்கி வெட்டினால் கல் உள்ளே வரும். ஆயில் மாற்ற டிரெயின் பிளக்குக்கு நேராக ஒரு ஓட்டை.

தகடு இன்ஜினோடு முடிந்துவிடுகிறது, கல் முடிவதில்லை. முன் சக்கரங்கள் வாரி வீசும் ஜல்லி முழுவதும் தரைப்பகுதியிலும் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களிலும் பெட்ரோல் டேங்கிலும்தான் விழுகிறது. பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் அடியிலிருந்து தூக்கி கேபினுக்குள் கொண்டுபோனோம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது, கேபினுக்குள் பெட்ரோல் பைப்புக்கு இடையில் இணைப்பு எதுவும் வரக் கூடாது என்பது கவனம். அடியில் ஒரு பைப் அறுந்தால் எந்தத் தகடும் காப்பாற்றாது, அதனால் இதுவும் அடிப்பக்கப் பாதுகாப்பு வேலைதான் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

தரைப்பகுதிக்கும் கதவுப் படிக்குக் கீழேயும் கனமான பிளாஸ்டிக் ஷீட் போட்டோம், யுஎச்எம்டபிள்யூ பாலித்தீன். நிலக்கரி கொட்டுகிற சரிவுகளில் கரி ஒட்டாமல் வழுக்கி விழ உள்பக்கம் ஒட்டுவார்களே, அதே பொருள், இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். கல் பட்டால் வழுக்கிவிடும், உடையாது. ஆனால் 130 டிகிரி சூட்டுக்கு மேல் உருகும், சைலன்சர் பக்கம் அண்டக் கூடாது. வெயிலில் நிறைய நீளும், ஒரு மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் 5 மில்லிக்கு மேல் நீளும். ஓட்டைகளை நீளவாக்கில் வெட்டாவிட்டால் அலையலையாகத் தொங்கிவிடும். சக்கர வளைவுகளின் உள்பக்கத்துக்குக் காசிமேட்டில் ஃபைபர் போட் ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணன் வந்து கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் பூசிக் கொடுத்தார். படகின் மூக்கு மணலில் ஏறுகிற இடத்தில் எத்தனை அடுக்கு வைப்பார்களோ அத்தனை வைத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை, வண்டி ஓடும்போது ஒரு வீடியோ அனுப்பு தம்பி என்று மட்டும் சொன்னார்.

இதற்கெல்லாம் முன்னால் செய்த வேலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வண்டியின் அடியில் முந்தைய ஓனர் யாரோ தார் கோட்டிங் கனமாக அடித்து வைத்திருந்தார்கள். பார்க்கக் கறுப்பாக, முழுசாக, அழகாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன், ஓரிடத்தில் சத்தம் மந்தமானது. கரண்டியால் நெம்பினால் கோட்டிங் தோல் போல உரிந்து வந்தது, பின்னாலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது, இரும்பு அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. கடலோரத்தில் இது எல்லா வண்டிக்கும் நடக்கிறது. கோட்டிங்கில் எங்கோ ஒரு கல் ஓட்டை போட்டாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். எல்லாவற்றையும் சுரண்டி, அழுகிய இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, ரெயில்களின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே செய்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்துவிட்ட பிறகுதான் மற்ற வேலை. அலுமினியத் தகடு இரும்பு ரெயிலைத் தொடும் இடங்களில் நைலான் வாஷர். இரண்டும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

கோயம்புத்தூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓடுகிற மண் பாதைகளில் ஓட்டிவிட்டு வண்டி திரும்பி வந்தது. ராம்பில் ஏற்றித் தகட்டைக் கழற்றினோம். இடப்பக்க முன்மூலையில் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அதிலிருந்து பின்னோக்கி நீளமான கீறல். ரெயில் போல்ட்கள் ஒன்றும் தளரவில்லை, பைப் வைத்த இடங்களில் பெயின்ட்கூட விரியவில்லை, சேம்பர் அப்படியே இருந்தது. தகட்டின் மேல்பக்கம் மட்டும் செம்மண் கட்டியாகப் படிந்திருந்தது, வாளியில் வாரிப் போட்டால் தூக்கவே கனமாக இருந்தது, அது வெளியே போகத் தகட்டின் பின் ஓரத்தில் இன்னும் பெரிய வாய் வெட்ட வேண்டும். பின்பக்க ஆர்ம்களுக்கு மறைப்பு போதவில்லை, கல் பட்டுப் பட்டு இரும்பு வெள்ளையாக மின்னியது. மிச்சம் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டில் அதற்கு அளவு வரைந்து வைத்திருக்கிறேன், பையன் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறான்.