மூலம்தான் என்றார்

என் வீட்டுக்காரருக்கு நாலு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. எனக்குக் கடைசியில்தான் தெரியும். "மூலம்தான், சூடு" என்று துத்தி இலையும் கருணைக்கிழங்கும் வாங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயது 52. ஹீமோகுளோபின் 9-க்கு வந்துவிட்டது. திருமங்கலத்து டாக்டர், "மூலமும் இருக்கு. ஆனா இந்த வயசுல கொலனோஸ்கோப்பி பார்க்காம மூலம்தான்னு முடிவு பண்ணக்கூடாது" என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற டெஸ்ட் அது. கேன்சர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

டெஸ்ட்டைவிட முந்தின நாள்தான் பெரும்பாடு. கீரை, தக்காளி, கொய்யா, விதையுள்ள எதுவும் இரண்டு நாளாகவே கூடாது. வெறும் இட்லி, வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம். முந்தின நாள் இளநீர் மாதிரி தெளிந்த நீராகாரம் மட்டும். சாயங்காலம் பேதிப் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர். நாங்கள் இருப்பது லைன் வீடு, மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டேதான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "நாங்க எங்க அண்ணன் வீட்டுல படுத்துக்கிறோம், நீ அவரைப் பாரு" என்று பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். உப்புக் கரிக்கிற அந்தத் தண்ணீர் ஐந்தாவது டம்ளரோடு அவருக்குக் குமட்டியது. பானைத் தண்ணீரில் கலந்து எலுமிச்சை பிழிந்ததும் இறங்கியது. போவது மஞ்சள் தண்ணீராகத் தெளிகிறவரை விடக்கூடாது. சரியாகச் சுத்தமாகாவிட்டால் மறுபடி வரச் சொல்லிவிடுவார்கள்.

பட்டினி நாளில் சர்க்கரை மாத்திரை போடலாமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. நானாகப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் நிறுத்தச் சொன்னார்கள். கோபம்தான் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மயக்க ஊசி போட்டு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டு டாக்டர் திரையில் காட்டினார். குடலின் உள்சுவரில் காம்போடு காளான் போல ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, 2 சென்டிமீட்டர் இருக்கும். கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்தாயிற்று. "கேன்சரா சார்?" என்று நான்தான் முதலில் கேட்டேன். "பார்க்க அப்படித் தெரியல. எடுத்த சதையை லேப்ல சோதிப்பாங்க, அந்த பயாப்ஸி ரிப்போர்ட் வரட்டும்மா." இதையே என் வீட்டுக்காரரிடமும் சொன்னார், அவரும் தலையாட்டினார். ஆட்டோவில் வரும்போது, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மூன்று தடவை கேட்டார். மயக்க மருந்து அப்படி. நல்லவேளை, ஃபைலின் பின்னால் எழுதி வைத்திருந்தேன்.

ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை என்று இன்னும் ஒருநாள் தள்ளிப்போனது. தினமும் "ஒன்னும் இருக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதற்கப்புறம் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் பெண்ணின் காலேஜ் ஃபீஸ், சீட்டுப் பணம் என்று எல்லாவற்றையும் பேசினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அவரே டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

அடினோமா என்ற வகைப் பாலிப், கேன்சர் செல் இல்லை என்று வந்தது. விட்டிருந்தால் நாளாவட்டத்தில் கேன்சராக மாறக்கூடிய வகையாம். 3 வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவர்களும் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். அன்றைக்கே என் வீட்டுக்காரர் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். "எனக்கு வெறும் மூலம்தான்டா" என்றாராம் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறோம். பேதிப் பவுடர் விஷயத்தை மட்டும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.