‘மேல்’ எல்லாம் ‘ஆன்’ ஆகிவிடாது

‘ஹி இஸ் ஆங்க்ரி ஆன் மீ.’ நம்மவர்கள் பேசும் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். ‘என் மேல் கோபம்’ என்று மனதுக்குள் ஓடுகிறது, அந்த ‘மேல்’ வாயில் ‘ஆன்’ ஆகி வருகிறது. ஆள் மேல் கோபம் என்றால் ‘ஆங்க்ரி வித் மீ’. ‘ஆங்க்ரி அட் மீ’ என்றாலும் சரி. ஒரு விஷயத்தால் வந்த கோபம் என்றால் ‘ஆங்க்ரி அபௌட் தி டிலே’.

பொறாமை, பாசம், ஆசை எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரே ‘மேல்’ போதும். ஆங்கிலத்தில் ‘ஜெலஸ் ஆஃப் ஹெர்’, ‘ஃபாண்ட் ஆஃப் சில்ட்ரன்’. ‘கீன் ஆன் கிரிக்கெட்’ போலச் சில இடங்களில்தான் நம் ‘மேல்’ தப்பிக்கிறது.

மற்ற உருபுகளும் இப்படித்தான் இழுத்துவிடும். ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்று நினைப்பதால் ‘குட் இன் மேத்ஸ்’ வருகிறது. திறமையைச் சொல்ல ‘குட் அட் மேத்ஸ்’ என்று பழகுங்கள். ‘பேட் அட்’, ‘பிரில்லியண்ட் அட்’ எல்லாம் அதே வழி. ஆனால் ‘வீக் இன் மேத்ஸ்’ தவறில்லை. ‘குட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்றால் ‘குட் ஃபார் யூ’. என்னிடம் அன்பாக இருந்தார் என்றால் ‘குட் டு மீ’. குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர் என்றால் ‘குட் வித் சில்ட்ரன்’. ‘அட்’, ‘ஃபார்’, ‘டு’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) மாறினால் பொருளே மாறிவிடுகிறது, அதனால்தான் இது சின்னத் தவறு இல்லை.

‘ஃபெமிலியர்’ இன்னும் வழுக்கும். ‘ஐ ஆம் ஃபெமிலியர் வித் தி நேம்’, ஆனால் ‘தி நேம் இஸ் ஃபெமிலியர் டு மீ’. அறிந்தவர் எழுவாயானால் ‘வித்’, அறியப்பட்டது எழுவாயானால் ‘டு’.

‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ வேண்டாம், ‘மேரீட் டு’தான். ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்று பார்த்திருப்பீர்கள். அதற்குப் பொருள் வேறு: கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் ‘சீனியர் தேன் மீ’ என்று எழுதாதீர்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், நான்குக்கும் ‘டு’.

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும். ‘கேப்பபிள் ஆஃப் டூயிங்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப் லூசிங்’. பலர் தடுமாறுவது ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி’யில்தான். அதிகாலையில் எழுவது பழகிவிட்டது என்று பொருள். ‘ஆம்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி’ என்றால், முன்பு அப்படி எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை.

கேள்வியில் முன்னிடைச்சொல் கடைசிக்குப் போகும்; நாம் அதை விட்டுவிடுகிறோம். ‘எதற்குப் பயம்?’ என்பதற்கு ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’ என்று முடிய வேண்டும்.

நோட்டில் ‘அஃப்ரெய்ட் = பயம்’ என்று எழுதாமல் ‘அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்’ என்று மூன்று சொல்லாக எழுதுங்கள். பெயர்ச்சொல்லையும் பக்கத்திலேயே குறியுங்கள், அங்கே முன்னிடைச்சொல் மாறக்கூடும்: ‘ப்ரவுட் ஆஃப் ஹெர் ஒர்க்’, ஆனால் ‘ப்ரைட் இன் ஹெர் ஒர்க்’, ‘ஃபாண்ட் ஆஃப்’, ஆனால் ‘ஃபாண்ட்னஸ் ஃபார்’.