முப்பது வருஷம் கேட்ட பெண்கள்

எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 2004 கம்போடியாதான் ஞாபகம் வரும். டெனோஃபோவிர் மாத்திரையைத் தினமும் போட்டால் தொற்று வராமல் தடுக்குமா என்று பார்க்க, நோம்பென்னில் தொற்று இல்லாத 960 பாலியல் தொழிலாளிகளைச் சேர்ப்பதாகத் திட்டம். அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே சங்கம் இருந்தது. பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்கள்: இந்த மாத்திரையால் பின்னாளில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? முப்பது வருஷத்துக்குக் காப்பீடு கொடுங்கள்.

பேராசை என்றவர்களும் உண்டு, யாரோ தூண்டிவிட்டார்கள் என்றவர்களும் உண்டு. (ஏழைப் பெண் கணக்குக் கேட்டால் உடனே வருகிற பேச்சுதானே இது!) மருந்து நிறுவனம் வக்கீல் வைத்து ஒப்பந்தம் போட்டால் மட்டும் அது விவேகம். சம்மதப் படிவம் என்பதும் ஒப்பந்தம் மாதிரிதான். பக்கவிளைவு, பாதியில் விலகும் உரிமை, ஆய்வின்போது தொற்று வந்தால் சிகிச்சை, எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான் கைநாட்டு.

ஆகஸ்ட்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். அடுத்த பிப்ரவரியில் கேமரூனிலும் இதே மருந்தின் ஆய்வு நின்றது. இதில் எனக்கு வருத்தம்தான். மாத்திரை வேலை செய்யும் என்று பின்னால் வேறு ஆய்வுகளில் உறுதியானது. அந்தப் பெண்கள் கேட்டது பேச்சுவார்த்தை, கிடைத்தது தடை. 2007இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு கொண்டுவந்த வழிகாட்டுதல், திட்டம் போடும்போதே சமூகத்தை உட்காரவைத்துப் பேசச் சொல்கிறது. மூன்று வருஷம் தாமதம்.