ஆத்தங்குடிக் கல் பட்டறையில் டென்ஸ் பழகிய கதை

தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் கல் போடுவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. ஒருநாள் ஓர் அம்மா, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ‘ஐ வொர்க்டு ஹியர் ஃபார் லெவன் இயர்ஸ்’ என்றேன். “அப்படியா, இப்போது எங்கே வேலை?” என்று கேட்டுவிட்டார். வேலையை விட்டுவிட்டேன் என்று அவருக்கு அர்த்தமாகியிருக்கிறது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதற்கு முன்பே காரைக்குடியில் ஒரு வகுப்பில் 3 மாதம் படித்திருந்தேன். 12 டென்ஸையும், அதாவது இங்கிலீஷ் வினைச்சொல்லின் காலங்களையும், கட்டம் போட்டு எழுதி ஒப்பித்தோம். ஆனால் பேச வாய் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஆச்சி ஒருவர் இருக்கிறார். நோட்டை நீட்டினேன், மூடச் சொல்லிவிட்டார். “நாளைக்கு ஒரு கல்லு போடுறத மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்து, இங்கிலீஷ்ல சொல்லி போன்ல பதிஞ்சு கொண்டாங்க தம்பி” என்றார்.

பதிவைக் கேட்டதுமே குறை பிடிபட்டது. ‘ஹி ஃபில்லிங்’ என்றே சொல்லியிருந்தேன். ‘ஊற்றுகிறார்’ என்ற ஒரே சொல்லில் நமக்கு எல்லாம் வந்துவிடுவதால் ‘இஸ்’ விழுந்துவிடுகிறது. மறுநாள் அண்ணன் ஒருவர் கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றும்போதே ‘ஹி இஸ் ஃபில்லிங் த மோல்டு’ என்றேன். அச்சைத் தூக்கியதும் ‘ஹி ஹேஸ் லிஃப்டட் த மோல்டு’. பூ ஈரமாகக் கண்முன்னே நிற்கிறது, அதனால் ஹேஸ். தொட்டித் தண்ணீரில் கிடப்பது நேற்றுப் போட்ட கல்: ‘ஹி மேட் திஸ் யெஸ்டர்டே’. நேற்று என்று வந்துவிட்டால் ஹேஸ் கூடாது என்றார் ஆச்சி. ‘நேத்து வந்திருக்காரு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், வழுக்குவது அங்கேதான்.

ஃபார், சின்ஸ் குழப்பம் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்தது. ‘11 வருஷமா’ என்பதில் கடைசியில் வரும் ‘மா’தான் ஃபார். ‘2013லேர்ந்து’ என்பதில் வரும் ‘லேர்ந்து’தான் சின்ஸ். இவ்வளவு எளிதாக எனக்கு யாருமே சொன்னதில்லை.

தினம் பத்து வார்த்தை என்று மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தவர்கள் கேட்டு நான் தடுமாறிய வார்த்தையை மட்டும் உடைந்த கல்லின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்பேன்: சோக் (ஊறவைப்பது), ஸ்ப்ரிங்கிள் (தூவுவது), ஷைன் (பளபளப்பு). பை, ப்ரிங், திங்க், டீச், கேட்ச் ஐந்தும் இறந்தகாலத்தில் ஒரே ஓசையில் முடிகிறவை. பாட், ப்ராட், தாட், டாட், காட் என்று கலவை கிண்டும்போது சொல்லிக்கொண்டே இருப்பேன். கட், புட் மாறவே மாறாது, அதுதான் சிரமம். ‘புட்டட்’ என்று வாய் தானாகப் போகும்.

அப்புறம் அடுத்த ஜனவரியில் ஒரு பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். ‘ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்’ என்றேன். தலையாட்டிவிட்டு, சூளையில் சுடாமலே கல்லுக்கு இந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று அடுத்ததைக் கேட்டார். காய்ந்த கல் ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த கண்ணாடியை அவர் கண்ணெதிரே மெல்லக் கழற்றினேன்.