கூட வந்தவரும் நோயாளியாக இருக்கலாம்

இரட்டையரில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், மற்றவர் பெரும்பாலும் யாரும் கேட்காமலேயே வந்து நிற்பார். "என்னோடதை எடுத்துக்குங்க டாக்டர்" என்பதுதான் முதல் பேச்சு. சிறுநீரகப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கும் அப்போது ஒரு நிம்மதி வரும். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்றால் திசு முழுக்கப் பொருந்தும், வந்த உறுப்பை உடல் எதிர்க்காது. மற்றவர்கள் ஆயுள் முழுக்க விழுங்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் இவர்களில் பலருக்கு மிகக் குறைவாகவே தேவைப்படும். சிலருக்குத் தேவையே இருக்காது. உருவ ஒற்றுமையை மட்டும் நம்பாமல் மரபணுச் சோதனை செய்துதான் இதை உறுதிப்படுத்துவோம்.

ஆனால் அந்த நிம்மதிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நோய் ஏன் வந்தது?

டயாலிசிஸில் இருந்த ஒருவருக்குச் சிறுநீரகம் தர அவருடைய தம்பி வந்தார். சில நிமிட வித்தியாசத்தில் பிறந்தவர்கள்தான், ஆனாலும் 'அண்ணன்' என்றே கூப்பிடுவார். அண்ணனுக்கு இருந்தது இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 50 சதவீதம். சாதாரண உடன்பிறப்பு என்றால் தப்பிக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஒத்த இரட்டையருக்கு அது கிடையாது. ஸ்கேனில் தம்பிக்கும் கட்டிகள் தெரிந்தன. விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அண்ணனுக்கு யாரு கொடுப்பாங்க?" என்று கேட்டார். தனக்கும் நோய் இருக்கிறது என்பது அவர் காதில் ஏறவே இல்லை. அதைப் புரியவைக்க இன்னொரு நாள் தனியாக உட்கார வேண்டியிருந்தது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் அப்போது தம்பிக்கு நன்றாகவே இருந்தது. ஒரே மரபணுக் கோளாறு, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பழுதான ஒன்று பிறவியிலேயே வருகிறது. நல்ல பிரதியும் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாகப் பழுதாகும்போது அங்கே கட்டி உருவாகத் தொடங்குகிறது. இந்தத் தற்செயல் இரண்டு உடம்பிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் கூடும். அதனால் தம்பிக்கு அன்றே பிரஷர் மாத்திரை தொடங்கினோம். உப்பைக் குறைக்கச் சொன்னோம். அண்ணனின் நோய் தம்பிக்கு முன்கூட்டியே வந்த எச்சரிக்கை. நாங்கள் கவனித்தால் மட்டுமே அது பயன்படும்.

சிறுநீரக வடிகட்டிகள் அழற்சியால் கெடும் நோய்களில் கதை வேறு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழு செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஹெரிக் இரட்டையருக்கு இடையில்தான் நடந்தது. தானம் தரவிருந்த ரொனால்டின் தோலை நோயாளியான ரிச்சர்டின் உடலில் ஒட்டிப் பார்த்து, அது நிலைத்த பிறகே துணிந்தார்கள். அதன் பிறகு ரிச்சர்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். புதிய சிறுநீரகத்திலும் பழைய அழற்சி நோய் திரும்பி வந்தது. தானம் தந்த ரொனால்டு 2010 வரை இருந்தார். ஆரம்பகால இரட்டையர் மாற்றுகள் பலவற்றில் இப்படி நோய் திரும்பியது. கோளாறு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, அதைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியிலும் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட நோயாளிக்குப் பொருத்தம் எவ்வளவு சரியாக இருந்தாலும் 'மாத்திரையே வேண்டாம்' என்று அவசரப்பட்டு நான் சொல்வதில்லை.

இன்னொன்று எனக்கு முக்கியம். குடும்பம் முழுக்க எதிர்பார்த்து நிற்கும்போது இரட்டையரில் மற்றவரால் 'முடியாது' என்று சொல்வது எளிதல்ல. அவரைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். மனமில்லை என்றால் அந்தக் காரணம் எங்கள் அறையைத் தாண்டக் கூடாது.

இப்போதெல்லாம் கூட வந்தவர் பெயரில் முதல் நாளே தனிக் கோப்பு திறக்கச் சொல்கிறேன். சிறுநீரில் புரதம், இரத்தம், பிரஷர், கிரியாட்டினின், ஸ்கேன் எல்லாம் அவருக்கும் பார்க்கிறோம். நீர்க்கட்டி நோய்க் குடும்பம் என்றால் மரபணுச் சோதனையும் உண்டு, ஏனென்றால் இளம் வயதில் ஸ்கேனில் கட்டிகள் தெரியாமல் போகலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், தானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்கிறேன்.